முறுமுறுத்தவர்கள் பக்கம் நின்று

இசுரவேல் மக்கள் எகிப்தை விட்டுப் புறப்பட்டு, 40 ஆண்டுகள் பாலையில் அலைந்து, கானான் நாட்டின் எல்லையை அடைந்த வரலாறு விவிலியத்தில் யாத்திராகமம் தொடங்கி உபாகமம் முடிய விரிந்து கிடக்கிறது. அதைப் படித்தவர்களிடம் அம்மக்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: நன்றி கெட்டவர்கள். கடல் பிளந்து வழிவிட்டதைக் கண்ணாரக் கண்டவர்கள், மூன்றே நாளில் தண்ணீருக்காகக் குறை கூறினார்களே என்பர். வானத்திலிருந்து உணவு இறங்கியும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அழுதார்களே என்று ஏளனம் செய்வர். இத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. அம்மக்களுக்காக வழக்காட எவரும் முன்வராத காரணத்தால், வரலாறு பயின்றவன் என்ற உரிமையோடு அவர்கள் பக்கம் நின்று சில சொல்ல விரும்புகிறேன். சமய நம்பிக்கையைப் பற்றிய ஆராய்ச்சியாக இதனை எவரும் கொள்ள வேண்டா. நூல் என்ன சொல்கிறதோ அதனை நூல் சொல்லும் முறையிலேயே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இம்மக்களின் பேச்சுக்கு ஓர் அருமையான சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது "முறுமுறுத்தல்". முறையிடுதல் என்றால் எதிரே ஒருவர் இருந்து கேட்பதாகப் பொருள். முறுமுறுத்தல் என்பதோ, கேட்பார் இல்லை என்று தெரிந்தவன் வாய்க்குள் சொல்லிக்கொள்வது. அடிமையாய் இருந்தவர்களின் பேச்சு வேறு எப்படி இருக்கும்?

அவர்கள் யார் என்பதை முதலில் நினைவில் கொள்வோம். பித்தோம், ராமசேஸ் என்னும் பண்டசாலை நகரங்களைப் பார்வோனுக்குக் கட்டிக்கொடுத்த கொத்தடிமைகள் அவர்கள். செங்கல் அறுக்க வைக்கோல் கொடுப்பதை அரசன் நிறுத்தினான். செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. கணக்குக் குறைந்தபோது இசுரவேலரிலிருந்தே அமர்த்தப்பட்டிருந்த தலைவர்கள் அடிபட்டார்கள். அவர்கள் அரசனிடமே சென்று முறையிட்டார்கள். நீங்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. வேலை குறையவில்லை, வைக்கோலும் வரவில்லை. வாய் திறந்தால் சுமை கூடும் என்பதே எகிப்து அவர்களுக்குக் கற்பித்த பாடம். கடற்கரையில் பார்வோனின் தேர்ப்படை பின்னால் வரக் கண்டபோது அவர்கள் மோசேயிடம் கேட்ட கேள்வியில் ஒரு கசந்த நகைச்சுவை இருக்கிறது. புதைப்பதற்கு எகிப்தில் கல்லறை இல்லை என்றா எங்களை இங்கே கூட்டி வந்தீர் என்று கேட்டார்கள். உலகிலேயே பெரிய கல்லறைகளைக் கட்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள் கேட்ட கேள்வி இது! இத்தகைய நாக்கு உடையவர்களை வெறும் கோழைகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த வெங்காயத்தைப் பார்ப்போம். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் அம்மக்கள் எண்ணி எண்ணி ஏங்கும் பொருள்கள் மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு ஆகியவை. இது அரசன் வீட்டு விருந்தா? அன்று, உழைப்பாளியின் படி. கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, பெரிய பிரமிடைக் கட்டிய தொழிலாளர்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கிய செலவு அதன்மேல் பொறிக்கப்பட்டிருந்ததாகத் தமக்குச் சொல்லப்பட்டதைக் குறித்து வைத்திருக்கிறார். இன்னொரு சான்று இதைவிட நேரானது. மூன்றாம் ராமசேஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், அரச கல்லறைகளைக் குடைந்து வந்த தொழிலாளர்கள் கூலித் தானியம் தவறியதால் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து ஒரு கோயிலின் பின்புறம் அமர்ந்துகொண்டார்கள். உலக வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதனைச் சொல்வர். அந்நிகழ்ச்சியை ஓர் எழுத்தர் குறித்து வைத்த பாப்பிரசு ஏடு இன்று இத்தாலியில் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன; துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்பது அத்தொழிலாளர்களின் முறையீட்டின் சாரம். அவர்கள் அடிமைகளல்லர், கைத்திறன் மிக்க கலைஞர்கள். ஆயினும் நைல் நதிக்கரையில் உழைப்பவனுக்கு வாழ்க்கை என்றால் மீனும் காய்கறியும்தான் என்பது இதனால் விளங்குகிறது. பாலையில் நின்று அழுத மக்கள் கேட்டதும் அதே மீன், அதே காய்கறி. பழகிய கூலியை நினைத்து அழுதவனைப் பேராசைக்காரன் என்பது என்ன நியாயம்?

அவர்கள் நடந்த நிலத்தைப் பற்றியும் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. "வனாந்தரம்" என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்குக் காடு நினைவுக்கு வருகிறது. படம் பார்த்தவர்களுக்கு மணற்கடல் நினைவுக்கு வருகிறது. சீனாய்த் தீபகற்பத்தின் நடுவும் தெற்கும் பெரும்பாலும் கல்லும் பாறையும். ஆடு மேய்ப்பதற்கு மட்டும் அங்கங்கே சிறிது பசுமை, சில ஊற்றுகள், முட்செடிகள். எகிப்திலிருந்து கானானுக்குக் கடலோரமாக ஒரு நேர் வழி இருந்தது. முதலாம் சேத்தி மன்னன் காலத்தில் கர்னாக் கோயிலின் வெளிச்சுவரில் அவ்வழியின் கோட்டைகளும் கிணறுகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வழியில் இறைவன் அவர்களை நடத்தவில்லை என்று யாத்திராகமம் வெளிப்படையாகச் சொல்லி, காரணமும் தருகிறது: போரைக் கண்டால் இவர்கள் மனம் மாறி எகிப்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதாவது, அம்மக்களின் அச்சம் முன்கூட்டியே கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அச்சப்படுவான் என்று தெரிந்தே ஒருவனைச் சுற்று வழியில் அழைத்துச் சென்ற பிறகு, அவன் அச்சப்பட்டான் என்று நாம் வியப்பதில் பொருளில்லை.

எண்ணிக்கையைப் பற்றி நீண்ட விவாதம் உண்டு. போருக்குத் தகுந்த ஆடவர் மட்டும் 6,03,550 பேர் என்கிறது எண்ணாகமம். பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தால் 20 இலட்சத்தைத் தாண்டும். சீனாயின் ஊற்றுகள் இத்தனை பேரைத் தாங்கா என்பதால், "ஆயிரம்" என்று பொருள்படும் எபிரேயச் சொல் இங்கே "குடும்பக் குழு" என்ற பொருளில் வந்திருக்கலாம் என்று கருதும் அறிஞரும் உளர். காதேஸ்பர்னேயா என்று பலரும் கொள்ளும் இடத்தில் 1956இலும், பின்னர் 1976 முதல் 1982 வரையிலும் அகழ்ந்து பார்த்தார்கள். அங்கே கிடைத்த கோட்டைகள் யாத்திரை நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு மிகவும் பிற்பட்டவை. நான் இந்த விவாதத்தில் இறங்கப் போவதில்லை. எந்த நூற்றாண்டில் எத்தனை பேர் நடந்தார்கள் என்பது தெளிவாகாவிட்டாலும், ஒரு மக்கள் தம் மூதாதையரை இப்படித்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பது உறுதி. முன்னோரின் வீரத்தை மட்டும் பாடுவதே உலக வழக்கு. இவர்களோ முன்னோரின் அழுகையையும் அச்சத்தையும் ஒன்று விடாமல் எழுதித் தம் மறைநூலிலேயே வைத்துக்கொண்டார்கள். இதற்கு ஒரு தனி நேர்மை வேண்டும்.

இனி என் வழக்கின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். தண்ணீரில்லாமல் மக்கள் வாய் திறந்த பெரிய நிகழ்ச்சிகள் மூன்று. சூர் வனாந்தரத்தில் மூன்று நாள் நடந்தும் நீர் கிடைக்கவில்லை. மாராவில் கிடைத்த நீரோ கசந்தது. மக்கள் முறுமுறுத்தார்கள். ஒரு மரம் காட்டப்பட்டது. அதை நீரில் இட்டதும் நீர் இனித்தது. தொடர்ந்து அவர்கள் போய்ச் சேர்ந்த ஏலிமில் 12 ஊற்றுகளும் 70 பேரீச்ச மரங்களும் இருந்தன. இரண்டாவது இடம் ரெவிதீம். அங்கே மக்கள் கல்லெறிந்துவிடுவார்களோ என்று மோசே அஞ்சும் அளவுக்குச் சச்சரவு முற்றியது. அப்போதும் பாறையிலிருந்து தண்ணீர் வந்தது. மூன்றாவது இடம் காதேஸ்; அதைப் பின்னர்ச் சொல்கிறேன். மூன்று முறை தண்ணீர் கேட்டார்கள்; மூன்று முறையும் தண்ணீர் கிடைத்தது. கேட்டதற்காக அம்மூன்று இடங்களிலும் மக்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சீன் வனாந்தரத்தில் உணவு கேட்டபோதும் அப்படியே: மாலையில் காடை வந்தது, காலையில் மன்னா கிடந்தது. பார்வோனிடம் முறையிட்டபோது கிடைத்த விடையையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அங்கே வாய் திறந்தால் வசை. இங்கே வாய் திறந்தால் தண்ணீர். இதனைக் கண்டுகொண்ட மக்கள் மீண்டும் மீண்டும் வாய் திறந்தார்கள் என்றால் அது நன்றி கெட்டதனமா, அல்லது புதிதாகப் பெற்ற ஓர் உரிமையைத் தட்டுத் தடுமாறிப் பயன்படுத்தியதா? இரண்டாவதே என்பது என் துணிபு.

மன்னாவைப் பற்றி ஒரு சொல். சீனாயில் தமரிசுக் மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் வெளியிடும் இனிப்புத் துளிகளே மன்னா என்று, 1927இல் அங்கே சென்று ஆய்ந்த பூச்சியியல் அறிஞர் போடன்கைமர் விளக்கினார். விளக்கம் சுவையானதுதான், ஆனால் மன்னாக் கதையின் உயிர் பூச்சியில் இல்லை, அதன் விதிகளில் இருக்கிறது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கு என்று ஒளித்து வைத்தால் புழுத்து நாறும். ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும். ஏழாம் நாள் ஓய்வு. அரசனுக்காகப் பண்டசாலைகளைக் கட்டிக் கட்டி முதுகொடிந்தவர்களுக்கு, சேமித்து வைக்கவே முடியாத ஓர் உணவு! ஓய்வு என்பதையே அறியாத அடிமைகளுக்கு, வாரத்தில் ஒரு நாள் வேலை செய்யாதே என்று ஒரு கட்டளை! இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடத்தை எவரும் அமைத்திருக்க முடியாது. அந்தப் பள்ளியில் முதல் நாளே சிலர் மன்னாவை ஒளித்து வைத்தார்கள். முதல் ஓய்வு நாளிலேயே சிலர் பொறுக்கப் போனார்கள். போகத்தான் செய்வார்கள். பழக்கம் ஓர் இரவில் விடுவதன்று.

எதிர்வாதம் உண்டு, அதனை மறைக்க விரும்பவில்லை. சீனாய் மலையை விட்டுப் புறப்பட்டதும் தண்டனைகள் தொடங்குகின்றன. இறைச்சி கேட்டு அழுதபோது காடைகள் குவிந்தன. இறைச்சி பற்களிடையே இருக்கும்போதே கொள்ளைநோய் வந்தது. அவ்விடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா, அதாவது இச்சையின் கல்லறைகள் என்று பெயராயிற்று. இங்கே மக்கள் கேட்டது உயிர் காக்கும் உணவன்று. உணவு இருக்கவே வேறு கேட்டார்கள். ஆயினும் அதே அதிகாரத்தில் மோசே பேசியதையும் படிக்க வேண்டும். இவர்களை எல்லாம் நானா கருவுற்றேன், நானா பெற்றேன், பால்குடிப் பிள்ளையைச் சுமப்பதுபோல் சுமக்க என்னால் ஆகாது, இதைவிட என்னைக் கொன்றுவிடும் என்று அவர் இறைவனிடமே சலித்துக்கொண்டார். மக்கள் முறுமுறுத்ததைவிட இது கடுமையானது. அவருக்குக் கிடைத்த விடை தண்டனையன்று. சுமையைப் பகிர 70 மூப்பர்கள்.

காதேசிலிருந்து அனுப்பப்பட்ட 12 ஒற்றர்கள் 40 நாள் கழித்துத் திரும்பி வந்த நிகழ்ச்சியில் நானும் மக்களுக்காகப் பேச முடியாது. இருவர் ஒரு தண்டில் கட்டிச் சுமந்து வந்த திராட்சைக் குலையைக் கண்ணால் கண்ட பிறகும், ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம் என்றார்கள். குறை கூறுவது வேறு. விலங்கைத் தேடிப் போவது வேறு. ஆயினும் அந்த அச்சத்தை விதைத்தவர்கள் யார்? ஒற்றர் 12 பேரும் தத்தம் குலத்தின் தலைவர்கள். காலேபும் யோசுவாவும் தவிர மற்றப் பத்துத் தலைவர்களும், அந்நாட்டாருக்கு முன் நாம் வெட்டுக்கிளிகள் என்று வந்து சொன்னால், கேட்ட மக்கள் இரவெல்லாம் அழாமல் என்ன செய்வார்கள்? ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் வழி என்கிறது உபாகமம். அந்த 11 நாள் வழியைக் கடந்து வந்தவர்கள் அங்கிருந்து சேரேத் ஆற்றைக் கடக்க 38 ஆண்டுகள் ஆயின. 20 வயதுக்கு மேற்பட்டவர்கள் பாலையிலேயே மடிந்தார்கள். தாத்தான், அபிராம் என்ற இருவர் எகிப்தையே பாலும் தேனும் ஓடும் நாடு என்று வருணித்தார்கள். கானானுக்குச் சொல்லிய வருணனையை எடுத்து எகிப்துக்குச் சூட்டும் அளவுக்கு நினைவு மனிதனை ஏமாற்றுகிறது!

மூன்றாவது தண்ணீர் நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன். மீண்டும் காதேஸ். பயணத்தின் 40ஆம் ஆண்டு என்று கொள்வர். மிரியாம் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டாள். தண்ணீர் இல்லை. மக்கள் கூடிச் சச்சரவிட்டார்கள். பேச்சிலே பழைய பல்லவிதான். பாறையோடு பேசும்படி மோசேக்குக் கட்டளை. அவரோ மக்களைப் பார்த்துக் கலகக்காரர்களே என்று அழைத்து, உங்களுக்கு நாங்கள் தண்ணீர் வரவழைக்க வேண்டுமோ என்று கேட்டு, கோலால் பாறையை இரண்டு முறை அடித்தார். தண்ணீர் பெருகிற்று, மக்களும் குடித்தார்கள், மந்தையும் குடித்தது. தண்டனை மோசேக்கும் ஆரோனுக்கும்! அந்நாட்டுக்குள் இவர்களை நீங்கள் கொண்டுபோவதில்லை என்ற தீர்ப்பு அங்கேயே வந்தது.

என்ன குற்றம்? பேசச் சொல்லியிருக்க அடித்ததே குற்றம் என்பர் பலர். 12ஆம் நூற்றாண்டின் யூதப் பேரறிஞர் மைமோனிதீசு வேறு காரணம் சொன்னார். மோசேயின் குற்றம் சினம். தாகத்தோடு நின்றவர்களைக் கலகக்காரர்கள் என்று வைததே பிழை. தலைவன் சினந்தால், இறைவனே நம்மீது சினந்திருக்கிறான் என்று மக்கள் எண்ணிவிடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் இறைவன் மக்கள்மீது சினந்ததாக நூலில் ஒரு சொல்லும் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். பிற்காலத்தில் நாக்மானிதீசு இவ்விளக்கத்தை மறுத்தார். மறுப்பு இருக்கட்டும், எனக்கு மைமோனிதீசின் கருத்தே பிடித்திருக்கிறது. 40 ஆண்டு முறுமுறுத்த மக்களை இழித்துரைக்கும் நாமும் அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பச் சொல்கிறோம். அதைச் சொன்னதற்காக மோசே போன்ற ஒருவர், தம் 120ஆம் வயதில் நேபோ மலையில் நின்று கானானைக் கண்ணால் மட்டும் காண நேர்ந்தது என்றால், நாம் சற்று எச்சரிக்கையாய் இருப்பது நல்லது.

வழியிலே மன்னாவை அற்ப உணவு என்று வெறுத்துத் தண்ணீரும் இல்லை என்றபோது பாம்புகள் கடித்த நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. அது என் வாதத்துக்கு எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. வளைக்கவும் நான் முயலப் போவதில்லை.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். அந்நூலில் பலரும் விரைந்து கடந்துவிடும் இடம் அது. பாலையில் இறந்த செலோப்பியாத்து என்பவனுக்கு ஆண்மக்கள் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். அவர்கள் வாய்க்குள் முறுமுறுக்கவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில், மோசேக்கும் குருவுக்கும் தலைவர்களுக்கும் மக்கள் அனைவருக்கும் முன்பாக வந்து நின்று கேட்டார்கள்: எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதால் அவர் பெயர் அற்றுப்போவதேன்? எங்களுக்கும் நிலத்தில் பங்கு வேண்டும். மோசேக்கு விடை தெரியவில்லை, இறைவனிடம் கேட்டார். அப்பெண்கள் கேட்பது சரி என்று விடை வந்தது. சட்டமே மாற்றி எழுதப்பட்டது. (தங்கள் குலத்துக்குள்ளேயே அவர்கள் மணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆண்கள் பின்னர் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதும் 36ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.) எகிப்தில் செங்கல் கணக்கைக் குறைக்கக் கேட்டு வசைபட்டவர்களின் இனத்தில், ஒரு தலைமுறைக்குள் ஐந்து பெண்கள் சபை நடுவே நின்று சொத்துரிமை கேட்கும் நிலை வந்துவிட்டது. இடையில் நடந்தது அந்த 40 ஆண்டு முறுமுறுப்புத்தான்.

கானானில் நிலத்தைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டபோது மோசே இல்லை, ஆரோன் இல்லை. அந்த ஐந்து பெண்களும் மறுபடி வந்து, எங்களுக்குப் பங்கு தர மோசேக்குக் கட்டளை இருந்ததே என்று நினைவூட்டினார்கள். யோசுவாவின் நூல் 17ஆம் அதிகாரத்தின்படி, அவர்கள் தகப்பனின் உடன்பிறந்தார் நடுவே அவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கப்பட்டது.